தையல் மெஷினுக்கு அளவெடுத்து ஒரு துணி உறை

பல வீடுகளில் தையல் மெஷின்மேல் ஒரு பழைய துண்டு கிடக்கும். இல்லையென்றால் வாங்கும்போது கூடவே வந்த பிளாஸ்டிக் உறை, ஓரமெல்லாம் கிழிந்து தொங்கும். அதற்குப் பதிலாக, உங்கள் மெஷினின் அளவுக்கே ஒரு துணி உறையை நீங்களே தைத்துவிடலாம். மேலுக்கு ஒரு மீட்டர் துணி, உள்ளுக்கு ஒரு மீட்டர், இடையூறு இல்லாத ஒரு பகல் பொழுது, இவ்வளவுதான் தேவை. காஜா, ஜிப், எலாஸ்டிக் எதுவும் வேண்டாம். நேராகத் தையல் ஓட்டத் தெரிந்தவர் யாரும் தைக்கலாம்.

துண்டைப் போட்டு மூடினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. தையல் மெஷின் எண்ணெயில் ஓடும் கருவி. பழைய கருப்பு மெஷின்களின் மேற்புறத்தில் எண்ணெய் விடும் துளைகள் திறந்தபடியே இருக்கும். மேலே விழும் தூசி அந்தத் துளை வழியே இறங்கி எண்ணெயோடு கலந்து பிசினாகிறது. பிறகு வீல் கனமாகச் சுற்றும், சத்தம் கூடும், கடைசியில் மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும். துண்டு மேலே மட்டும்தான் மூடும், அதுவும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். போதாததற்கு, குளியல் துண்டிலிருந்து உதிரும் பஞ்சே மெஷினுக்குள் போய்ச் சேரும்.

சரி, பிளாஸ்டிக் உறை தூசியைத் தடுக்குமே? தடுக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஈரக் காற்றை வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கடலோர ஊர்களிலும் இது பெரிய தொல்லை. ஊசி நிற்கும் கம்பி, ஊசித் தட்டு, பாபின் கேஸ் (அடிநூல் உருளை உட்காரும் கிண்ணம்) ஆகியவற்றில் துருப்புள்ளி விழுவது இப்படித்தான். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி தூசியை நிறுத்தும், காற்றைப் போக வர விடும். துணி ஈரத்தை உறிஞ்சுமே என்றால், உண்மைதான். அதனால் அடைமழை நாட்களில் உறையை அவ்வப்போது எடுத்து உலர்த்திப் போட வேண்டும். அந்த ஒரு வேலைக்குச் சோம்பல் படாதவருக்குத் துணி உறையே நல்லது.

வீட்டு வருமானமே மெஷினை நம்பி இருக்கிற பெண்கள் பலர். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் பெற்றுத் தொழில் செய்கிறவர்களும் அவர்களில் உண்டு. தைக்க வந்த துணி காத்திருக்கும்போது மெஷின் இறுகிப்போனால் அன்றைய கூலி போயிற்று. உறையை அலங்காரப் பொருளாக நான் பார்க்காததற்கு அதுவே காரணம்.

எந்தத் துணி எடுப்பது? வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். துணியின் கண்கள் ஒளி ஒழுகும்படி திறந்திருந்தால் வேண்டாம். கெட்டியான காடா, மெல்லிய ஜீன்ஸ் துணி, சென்னிமலை, கரூர் பக்கத்துப் பருத்திப் படுக்கை விரிப்பு ஆகியவை நன்றாக அமையும். பவானி ஜமக்காளம் உறுதியானதுதான். ஆனால் மூலையில் மடிப்பின்மேல் மடிப்பு வரும்போது வீட்டு மெஷின் அந்தக் கனத்தில் திணறும். வெல்வெட்டும் வேண்டாம், அது தூசியைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பழைய துணி ஆகுமா? தாராளமாக. படுக்கை விரிப்பு நடுப்பகுதியில்தான் தேய்ந்திருக்கும், ஓரங்களிலிருந்து வெட்டுங்கள். உள்துணிக்குப் பழைய பருத்திப் புடவையைவிட மேலானது இல்லை. அதிலும் வெளிர் நிறமாக எடுங்கள். அழுக்கும் எண்ணெய்க் கறையும் கண்ணில் பட்டால்தான் துவைக்கத் தோன்றும்.

புதுத் துணி என்றால் வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். நனைக்காத பருத்தி முதல் துவைப்பிலேயே 100க்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடும். 36 இஞ்ச் துணியில் ஓர் இஞ்சுக்கு மேல் போய்விடும். அளவாகத் தைத்த உறை அதன்பின் மெஷினில் இறங்காது. அடர்ந்த நிறத் துணியானால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். மெஷின் பக்கத்தில் எப்போதும் பிறர் துணி கிடக்கும்.

இனி அளவு. மூன்றே அளவுகள்: நீளம், ஆழம், உயரம். மெஷினின் உடம்பு வளைந்து நெளிந்திருப்பதால் எங்கே டேப் பிடிப்பது என்று குழப்பம் வரும். ஒரு வழி சொல்கிறேன். மெஷினின் இரு பக்கத்திலும் இரண்டு தடித்த புத்தகங்களை நிமிர்த்தி, மெஷினைத் தொட்டும் தொடாமலும் நிற்க வையுங்கள். இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நீளம். வலப்பக்கம் கைச்சக்கரம் துருத்தி நிற்கும், அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். இதேபோல முன்னும் பின்னும் வைத்து ஆழத்தை அளங்கள். உயரத்துக்கு, மேசையிலிருந்து மெஷினின் மிக உயர்ந்த இடம் வரை பாருங்கள். பெரும்பாலும் அது நூல்கண்டு செருகும் குச்சியின் நுனியாக இருக்கும். குச்சி மடங்கும் மாடலானால் மடக்கிவிட்டு அளக்கலாம்.

பின்பக்கம் மோட்டார் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் மோட்டாரையும் சேர்த்து ஆழத்தை எடுங்கள். பலரும் இதை மறந்து வெட்டிவிட்டு, பிறகு ஒட்டுப் போட்டுச் சிரமப்படுகிறார்கள்.

காலால் மிதிக்கும் மெஷினானால் ஸ்டாண்டையும் சேர்த்துத் தரை வரை மூட வேண்டுமா? தேவையில்லை. மேசைக்கு மேலே உள்ள மெஷினை மட்டும் மூடினால் போதும். கீழே உள்ள சக்கரத்தை ஒரு துணியால் துடைத்துவிடலாம். தரை வரை தொங்கும் உறையை யாராவது பாதி தூக்கிவிட்டு மிதித்தால் துணி சக்கரத்தில் சிக்கும். பெல்ட் மேசைத் துளை வழியே மேலே வருவதால் உறைக்கு அது இடைஞ்சல் செய்யாது.

கணக்கு போட ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். மெஷினின் நீளம் 16 இஞ்ச், ஆழம் 7, உயரம் 12 என்று வையுங்கள். உறை இறுகாமல் இறங்க நீளத்திலும் ஆழத்திலும் ஒவ்வோர் இஞ்ச், உயரத்தில் அரை இஞ்ச் கூட்டுங்கள். ஆக, தைத்து முடித்த உறை 17 இஞ்ச் நீளம், 8 இஞ்ச் ஆழம், 12½ இஞ்ச் உயரம்.

உறைக்கு மூன்று துண்டுகள்தான். முன்பக்கம், மேல்பக்கம், பின்பக்கம் மூன்றும் சேர்ந்து ஒரே நீளத் துண்டு. இடமும் வலமும் இரண்டு பக்கத் துண்டுகள். இப்படி வெட்டினால் மேலே தையலே வராது, தையல் கண் வழியாகத் தூசி இறங்கும் பேச்சும் இல்லை.

நீளத் துண்டின் அகலம்: 17 இஞ்சோடு இரு ஓரத்திலும் அரை அரை இஞ்ச் தையல் விடுப்பு (தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி) சேர்த்து 18 இஞ்ச். அதன் நீளம்: முன்பக்கம் 12½, மேலே 8, பின்பக்கம் 12½, ஆக 33. கீழ் ஓரம் மடிக்க முன்னும் பின்னும் ஒன்றரை ஒன்றரை இஞ்ச். மொத்தம் 36 இஞ்ச், அதாவது ஒரு கஜம்.

பக்கத் துண்டின் அகலம் 8 இஞ்சோடு ஓர் இஞ்ச் விடுப்பு சேர்த்து 9. உயரம் 12½, மேலே விடுப்பு அரை, கீழே மடிக்க ஒன்றரை, ஆக 14½. இதில் இரண்டு வெட்டுங்கள். 44 இஞ்ச் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் நீளத் துண்டை ஒரு பக்கமும், பக்கத் துண்டுகள் இரண்டையும் அதன் அருகே அடுத்தடுத்தும் வரைந்தால், ஒரு மீட்டரில் எல்லாம் அடங்கி, பாக்கெட்டுக்கும் துணி மிஞ்சும். உங்கள் அளவு வேறாக இருந்தால் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

பூவோ மயிலோ ஒரே திசையில் நிற்கும் அச்சுத் துணியானால் கவனம் வேண்டும். முன்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் மயில், அதே துண்டு மேலேறிப் பின்னால் இறங்கும்போது தலைகீழாகத் தொங்கும். பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்குமானால் பரவாயில்லை. இல்லையென்றால் கட்டமோ கோடோ போட்ட துணி எடுங்கள்.

உள்துணி கட்டாயமா? நான் கட்டாயம் என்பேன். உள்துணி இல்லாவிட்டால் வெட்டிய ஓரங்கள் உள்ளே திறந்து நிற்கும். அவற்றிலிருந்து பிரியும் நூல் மெஷின்மேலேயே விழும். தூசிக்குப் பயந்து மூடிவிட்டு நாமே பஞ்சைக் கொட்டியது போலாகும். உள்துணிக்கு வழியே இல்லையென்றால், பக்கத்துத் தையல் கடையில் ஓரங்களுக்கு ஓவர்லாக் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்துணியின் அகலங்கள் மேல்துணியைப் போலவே. உயரத்தில் மட்டும் கீழே 2 இஞ்ச் குறைத்து வெட்ட வேண்டும். நம் கணக்குப்படி நீளத் துண்டு 32 இஞ்ச், பக்கத் துண்டு 12½ இஞ்ச். ஏன் குறைப்பது என்பது கீழ் ஓரம் மடிக்கும்போது தெரியும்.

பாக்கெட் வைக்க ஆசைப்பட்டால் அதை முதலில் தைத்துவிடுங்கள். உறை பெட்டி வடிவத்துக்கு வந்தபின் தைப்பது பெரும்பாடு. மிஞ்சிய துணியில் 18 இஞ்ச் அகலம், 8 இஞ்ச் உயரத்தில் ஒரு துண்டு எடுங்கள். மேல் ஓரத்தை அரை அரை இஞ்சாக இருமுறை மடித்துத் தையுங்கள். கீழ் ஓரத்தை அரை இஞ்ச் உள்ளே மடித்து, நீளத் துண்டின் முன்பக்க நுனியிலிருந்து 3 இஞ்ச் மேலே வைத்துத் தையுங்கள். நடுவே இரண்டு நெட்டுத் தையல் ஓட்டினால் மூன்று அறைகள். இஞ்ச் டேப், சாக்பீஸ், பாபின் எல்லாம் அதில் இருக்கட்டும். கத்தரிக்கோலும் மோட்டாரின் கால் பெடலும் வேண்டாம். அந்தக் கனம் உறையை முன்னே இழுக்கும். உறையைச் சட்டென்று உருவும்போது கத்தரிக்கோல் காலில் விழுந்தால் காயம்தான்.

நூல்கண்டுக் குச்சி முட்டும் இடத்தில் உறை சீக்கிரம் ஓட்டையாகும். மேல் பகுதியில் அந்த இடத்தைப் பார்த்து, உட்பக்கம் 3 இஞ்ச் சதுரத்தில் ஒரு கெட்டித் துணியை வைத்துத் தைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, உறையின் ஆயுள் கூடும்.

காடா, விரிப்புத் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி போதும். ஜீன்ஸ், கேன்வாஸ் என்றால் 16. இரண்டு மூன்று மடிப்பு ஜீன்ஸ் சேரும் மூலையில் 16ஆம் நம்பரும் தடுமாறினால் 18 போடுங்கள். தையலைக் கொஞ்சம் பெரிதாக, ஓர் இஞ்சுக்குப் பத்து வீதம் வையுங்கள். பாலியஸ்டர் நூல் அடிக்கடி துவைப்பதைத் தாங்கும்.

இப்போது மூலை. உறை தைப்பதில் கடினமான இடம் இது ஒன்றுதான். இங்கே அவசரப்பட்டால் துணி குவிந்து சுருங்கும்.

நீளத் துண்டின் இரு நீள ஓரங்களிலும், ஒவ்வொரு நுனியிலிருந்தும் 14 இஞ்சில் சாக்பீஸால் குறி போடுங்கள். நடுவில் 8 இஞ்ச் மிஞ்சும், அதுதான் மேல் பகுதி. ஓரத்துக்கு இரண்டு குறிகள்; இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து நான்கு. ஒவ்வொரு குறியிலும் ஓரத்திலிருந்து உள்ளே மூன்றில் ஒரு பங்கு இஞ்ச் ஆழத்துக்குக் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு கொடுங்கள். அரை இஞ்சைத் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் தையலுக்கு வெளியே ஓட்டை தெரியும். பக்கத் துண்டின் மேல் இரு மூலைகளிலும், இரண்டு ஓரங்களிலிருந்தும் அரை இஞ்ச் உள்ளே ஒரு புள்ளி வையுங்கள். வெட்டும் புள்ளியும் சந்திக்கும் இடமே மூலை.

நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, பக்கத் துண்டின் மேல் ஓரத்தை அந்த 8 இஞ்சோடு பொருத்திக் குண்டூசி குத்துங்கள். புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் முடியுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கி மூன்று நான்கு தையல் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். பின்னோக்கி ஓடாத பழைய மெஷினானால் நூல் நுனிகளை முடிச்சுப் போடுங்கள். இப்போது நீளத் துண்டைத் திருப்பிப் பக்கத் துண்டின் நெட்டு ஓரத்தோடு சேருங்கள். முன்பே கொடுத்த வெட்டு விரிந்து, துணி சுருங்காமல் திரும்பிக் கொடுக்கும். புள்ளியிலிருந்து கீழ் நுனி வரை நேராக ஓட்டுங்கள். மற்ற மூன்று மூலைகளும் இப்படியே.

ஒரே ஓட்டத்தில் மூன்று பக்கமும் தைத்தால் நேரம் மிச்சமாகாதா? கை பழகியவர் ஊசியைத் துணிக்குள் இறக்கி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி அப்படியே தொடரலாம். முதல் உறைக்குத் தனித்தனித் தையலே நல்லது. ஒரு பக்கம் கோணினாலும் அதை மட்டும் பிரித்தால் போதும். கனமான இடத்தில் மோட்டாரையோ மிதியையோ நம்பாமல் கைச்சக்கரத்தைச் சுற்றித் தையுங்கள், ஊசி ஒடியாது.

உள்துணியையும் இதே முறையில் தனிப் பெட்டியாகத் தையுங்கள். அதில் குறி 12 இஞ்சில் வரும். இரண்டு பெட்டிகளின் தையல் பிசிறுகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்க வேண்டும். எளிதாகச் சொன்னால்: மேல்துணிப் பெட்டியை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்புங்கள், உள்துணிப் பெட்டியைத் திருப்பாமல் அதற்குள் நுழைத்து வையுங்கள். மேல் மூலைகள் நான்கிலும் விடுப்புகளை ஊசி நூலால் கையாலேயே ஒரு பிடி பிடித்துவிட்டால், துவைக்கும்போது உள்துணி கழன்று தொங்காது.

கீழ் ஓரத்தில் மேல்துணி 2 இஞ்ச் நீண்டு நிற்கும். அதை முதலில் அரை இஞ்ச், பிறகு ஓர் இஞ்ச் உள்ளே மடித்தால் உள்துணியின் ஓரம் அந்த மடிப்புக்குள் அடங்கிவிடும். உள்துணியைக் குறைத்து வெட்டியது இதற்குத்தான். இஸ்திரி போட்டு மடிப்பை அழுத்தி, சுற்றிலும் ஒரு தையல் ஓட்டினால் உறை முடிந்தது. எங்கும் பிசிறு தெரியாது.

மெஷினின் மேல் கைப்பிடி இருந்தால் அதற்கு ஒரு துளை விடலாமா? விட வேண்டாம். உறையோடு மெஷினைத் தூக்கும் தேவை வீட்டில் அரிது. அந்தத் துளை வழியே தூசி நேராக இறங்குவதோ தினமும் நடக்கும்.

மூடுவதிலும் ஒரு முறை உண்டு. மோட்டார் மெஷினானால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மோட்டாரும் விளக்கும் சூடு ஆறியபின்தான் உறையைப் போட வேண்டும். பழைய குண்டு பல்பு உள்ள மெஷினில் இது மிக முக்கியம். ஒரு துண்டுத் துணியை வைத்துப் பாதத்தை அதன்மேல் இறக்குங்கள். கீழே உள்ள பற்களில் பாதம் உரசாது, கம்பி வழியே வடியும் எண்ணெயையும் அந்தத் துணி வாங்கிக்கொள்ளும். அன்று சேர்ந்த பஞ்சைப் பிரஷால் தட்டிவிட்டு மூடுங்கள். உள்ளே இருக்கும் அழுக்கை எந்த உறையும் எடுக்காது.

உறையை உதறும்போது தூசி பறந்தால் துவைக்கும் நேரம் வந்துவிட்டது. எண்ணெய்க் கறைமேல் முதலில் சோப்பைத் தேய்த்துச் சிறிது நேரம் விட்டுப் பிறகு அலசுங்கள். முழுக்கக் காயாமல் திரும்பப் போடவே கூடாது. மடிப்போரமும் மூலையும் கடைசியில்தான் காயும், அங்கே தொட்டுப் பாருங்கள்.

இன்று தையல் முடிந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து அந்த மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். துணிக் கடைக்குப் போகும்போது அந்தத் தாள் கையில் இருந்தால், எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே சொல்லி வாங்கிவிடலாம்.